எதில் ஓடியது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)



சென்ற பருவத்தில் நம் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் நான் பதினைந்து நிமிடம் பேசியது உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். ஒரே கணினிக் கருவியை 'நோடு' என்னும் இயக்கச் சூழலிலும், 'பன்' என்னும் மாற்று இயக்கச் சூழலிலும் ஓட்டி, நேரங்களைக் கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதிக் காட்டினேன். "பன்னே வேகமானது, அதற்குக் காரணம் அதனுள் இருக்கும் இயந்திரம்" என்று முடித்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று மாலை அந்தக் கைதட்டலை வீட்டில் இரண்டு முறை சொல்லி மகிழ்ந்தேன்.

அந்த முடிவு தவறு. எண்கள் சரியானவையே, அவற்றுக்கு நான் கூறிய காரணந்தான் தவறு. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அதே உரையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணினேன். எழுதத் தொடங்கிய பிறகு அது முடியாமற்போயிற்று. ஏன் என்பதே இக்கட்டுரை.

இயக்கச் சூழல் என்றால் என்ன?

கணினி பயிலாத நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கினார். அது இணைய உலாவிக்குள் மட்டும் வாழப் பிறந்த மொழி. உலாவிக்குள் ஓர் 'இயந்திரம்' இருந்து அம்மொழியைப் படித்து நிறைவேற்றும். 2008இல் கூகுள் தன் குரோம் உலாவியோடு 'வி8' என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, அஃதாவது 2009இல், ரையன் டால் என்பவர் அந்த இயந்திரத்தை உலாவியிலிருந்து வெளியே எடுத்து, கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் வலைப்பின்னலோடு பேசவும் வேண்டிய வசதிகளைச் சுற்றிலும் கட்டி 'நோடு' என்று பெயரிட்டார். இயந்திரமும் அதைச் சுற்றியுள்ள இவ்வசதிகளும் சேர்ந்ததே இயக்கச் சூழல். பேருந்தின் எஞ்சின் மட்டும் பேருந்தாகாது. சக்கரமும் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேண்டுமன்றோ? அதுபோல.

நோடு மட்டுமே இன்று இல்லை. அதே ரையன் டால், 2018இல் பெர்லின் மாநாடு ஒன்றில், நோடில் தாம் செய்தவற்றுள் எவற்றுக்காக வருந்துகிறார் என்பதைப் பட்டியலிட்டுப் பேசி, 'டெனோ' என்னும் புதிய இயக்கச் சூழலை அறிவித்தார். தாம் படைத்ததை மேடையில் நின்று தாமே குறைகூறிய ஒருவரைப்பற்றி அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர்மீது மதிப்பு உயர்ந்தது. டெனோவின் 1.0 பதிப்பு 2020இல் வந்தது. ஜேரட் சம்னர் உருவாக்கிய 'பன்' 2023 செப்டம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. பன் என்றதும் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தால் தவறில்லை. அதன் சின்னமே ஒரு பன்தான். நோடும் டெனோவும் வி8 இயந்திரத்தைக் கொண்டவை. பன்னோ ஆப்பிளின் சஃபாரி உலாவியில் உள்ள 'ஜாவாஸ்கிரிப்ட்கோர்' இயந்திரத்தைக் கொண்டது. என் உரையின் அச்சாணியே இந்த வேறுபாடுதான்.

நான் சோதித்த கருவி 'பிரிட்டியர்'. 2017இல் வெளிவந்த கட்டளை வரிக் கருவி அது. திரையில் சுட்டியால் சொடுக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கட்டளையைத் தட்டச்சுச் செய்தால், தாறுமாறாக எழுதப்பட்ட நிரலை ஒழுங்கான வரிகளாக அடுக்கிக் கொடுத்துவிட்டு முடிந்துவிடும். இத்தகைய கருவியின் ஆயுள் மிகக் குறுகியது. நாள் கணக்கில் ஓடும் வழங்கிக் கணினி நிரலுக்கு இயந்திரம் பொறுமையாகச் சூடேறி, அடிக்கடி வரும் பகுதிகளை இயந்திர மொழியாக மாற்றி, மேலும் மேலும் வேகம் பெற நேரமிருக்கிறது. ஒரு நொடியிலோ அதற்குள்ளோ முடிந்துவிடும் கருவிக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதன் நேரத்தில் பெரும்பங்கு, தொடங்குவதிலும் கோப்புகளைப் படித்துப் பொருள்கொள்வதிலுமே கழிந்துவிடுகிறது. ஆகவே எந்தச் சூழல் விரைவாகத் தொடங்குகிறதோ அதுவே கட்டளை வரியில் வெல்லும். நோடைக் காட்டிலும் நான்கு மடங்கு விரைவாகத் தொடங்குவதாகப் பன்னின் ஆவணங்கள் உரிமை கொண்டாடுகின்றன. இவ்வளவும் அன்று நான் சொன்னவை; இவற்றில் பிழை இல்லை.

ஒரு கேள்வி

நோடின் பத்தியில் நான் எழுதிய நேரங்கள் 'என்பிஎக்ஸ் பிரிட்டியர்' என்ற கட்டளைக்கு உரியவை. பன்னின் பத்தியில் எழுதியவை 'பன்எக்ஸ் பிரிட்டியர்' என்ற கட்டளைக்கு உரியவை. என்பிஎக்ஸ், பன்எக்ஸ் இரண்டும் அழைப்போர். நாம் சொல்லும் கருவி கணினியில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து ஓட்டிவிடுவது அவற்றின் வேலை. ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன். முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து கோப்புகள் ஏறவேண்டியிருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவு எச்சரிக்கையாக இருந்துவிட்டேனே என்ற பெருமை வேறு!

கேள்வி நேரத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்தார். "அண்ணா, அந்தக் கருவி பன்னில்தான் ஓடியது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பன்எக்ஸ் என்று கட்டளை கொடுத்தால் பன்னில் ஓடாமல் பட்டர் பிஸ்கட்டிலா ஓடும்?" என்றேன். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

கட்டுரைக்காகச் செய்முறையை எழுத அமர்ந்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. செய்முறைப் பதிவேட்டில் முதலில் 'தேவையான கருவிகள்' என்று எழுதுகிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தில் "இயக்கச் சூழல்: பன்" என்று எழுதினேன். எழுதியவுடன் கை நின்றது. அதை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டேன். அவ்வளவுதான்.

முதல் வரி

பிரிட்டியர் தொகுப்பைத் திறந்து, அது தொடங்கும் கோப்பைக் கண்டுபிடித்தேன். நான் ஒரு வரியைச் செருகி, எந்தச் சூழலில் ஓடுகிறாய் என்று அதையே கேட்கவைப்பது என் திட்டம். ஆனால் செருகுவதற்கு முன்பே விடை அங்கே எழுதப்பட்டிருந்தது. கோப்பின் முதல் வரி இது:

#! /யூஎஸ்ஆர்/பின்/என்வ் நோடு

எண் குறியும் வியப்புக் குறியும் சேர்ந்த இந்தத் தொடக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1980 ஜனவரியில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி இதை யூனிக்ஸ் இயக்குதளத்தில் கொண்டுவந்தார். ஒரு கோப்பை ஓட்டச் சொன்னால் இயக்குதளத்தின் கரு அதன் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்க்கும். அவை இந்த இரண்டு குறிகளாக இருந்தால், அவ்வரியில் எந்த நிரலின் பெயர் எழுதியிருக்கிறதோ அந்த நிரலை எழுப்பி, கோப்பை அதன் கையில் கொடுத்துவிடும். மேற்கண்ட வரியின் பொருள்: 'நோடு என்ற பெயருடைய நிரல் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, இக்கோப்பை அதனிடம் கொடு' என்பதாம்.

பன்எக்ஸ் அந்த வரியை மதிக்கிறது. தானே கருவியை ஓட்டாமல், வரியில் கண்டபடி நோடை எழுப்பி அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நான் பயன்படுத்திய பதிப்பின் ஆவணத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஆக, என் கரும்பலகையின் இரண்டு பத்திகளிலும் ஓடியது நோடுதான். ஜாவாஸ்கிரிப்ட்கோர் இயந்திரம் என் கருவியைத் தொடவே இல்லை. அதைப்பற்றித்தான் நான் ஏழெட்டு நிமிடம் பேசியிருந்தேன்!

அப்படியானால் பன்னின் பத்தியில் நேரம் குறைந்தது எப்படி? அழைப்போரிடத்தில் இருந்தது வேறுபாடு. என்பிஎக்ஸ் என்பதே ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஒரு நிரல். அது முதலில் நோடை எழுப்பி, தன்னுடைய கோப்புகளையெல்லாம் ஏற்றி, பிறகுதான் பிரிட்டியருக்காக இன்னொரு முறை நோடை எழுப்பவேண்டும். பன்எக்ஸோ ஏற்கெனவே இயந்திர மொழியில் தொகுக்கப்பட்ட பன்னின் ஒரு பகுதி. சட்டென்று வேலையை முடித்துவிடும்.

என் தந்தை நெல் மண்டியில் எடை போடுபவர். மூட்டையை ஏற்றி இறக்கியதும் அவர் சொல்லும் எடையில் சாக்கின் எடை கழிந்திருக்கும். அதைக் கழிக்காமல் சொன்னால் அன்றைக்கே சண்டை வந்துவிடும். இரண்டு மூட்டைகளிலும் ஒரே நெல்லை வைத்துக்கொண்டு, சாக்கு கனமாக இருந்த மூட்டையைக் காட்டி 'இந்த நெல் கனம்' என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பொய்ச் சாட்சிகள்

சரி, உண்மையிலேயே பன்னில் ஓட்டுவது எப்படி? அதற்கு வழி இருக்கிறது. பன்எக்ஸ் என்பதை அடுத்து இரண்டு சிறு கோடுகளிட்டுப் 'பன்' என்று எழுதவேண்டும். அப்போது பன், 'நோடு' என்ற பெயரில் தன்னையே சுட்டும் ஓர் இணைப்பை உண்டாக்கித் தேடும் பாதையில் முன்னால் நிறுத்திவிடுகிறது. முதல் வரி 'நோடு எங்கே?' என்று கூப்பிடும். 'இதோ' என்று பன் வந்து நிற்கும். நாடகத்தில் ஆள்மாறாட்டம் செய்வதைப் போல.

சொல்வது எளிது. எனக்கு ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. முதலில் அந்தச் சொல்லைக் கட்டளையின் இறுதியில், பிரிட்டியர் என்பதற்குப் பின்னால் எழுதினேன். கருவியின் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் கருவிக்கே போய்ச் சேரும் என்பது விதி. பிரிட்டியர் அதை வாங்கிப் பார்த்து, அறியாத விருப்பத்தைப் புறக்கணித்ததாக ஓர் எச்சரிக்கை வரியை அச்சிட்டுவிட்டு, வழக்கம்போல் நோடிலேயே ஓடியது. அந்த எச்சரிக்கையைக் கண்டதால் தப்பித்தேன். வெளியீட்டைப் பாராமல் நேரத்தை மட்டும் குறித்திருந்தால், மறுபடியும் ஒரு தவறான அட்டவணையோடு உங்கள் முன் வந்து நின்றிருப்பேன்.

பிறகு சொல்லை உரிய இடத்தில், பிரிட்டியருக்கு முன்னால் வைத்தேன். நான் செருகியிருந்த வரி 'ப்ராசஸ்.வெர்ஷன்' என்பதை அச்சிடுவது. இப்போதும் அது நோடின் பதிப்பு எண்ணையே காட்டியது! கட்டளையைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். அதே விடை. பன்னை நீக்கி மறுபடி நிறுவினேன். அதே விடை. இரவு வெகுநேரத்துக்குப் பிறகே விளங்கியது: நோடுக்காக எழுதப்பட்ட கருவிகள் பல, பதிப்பு எண்ணைப் பார்த்துப் பழையதாக இருந்தால் ஓட மறுத்துவிடும். ஆகவே பன்னும் டெனோவும் அந்தக் கேள்விக்கு, தாங்கள் எந்த நோடுப் பதிப்புக்கு ஈடாக நடந்துகொள்கிறோமோ அந்த எண்ணையே விடையாகச் சொல்கின்றன. ஆள்மாறாட்டம் பெயரோடு நிற்கவில்லை. வயதையும் மாற்றிச் சொல்கிறது.

உண்மை சொல்லும் சாட்சி பக்கத்திலேயே இருந்தது. 'வெர்ஷன்' என்பதன் இறுதியில் ஒரு 'ஸ்' சேர்த்து, 'ப்ராசஸ்.வெர்ஷன்ஸ்' என்று கேட்டால் பதிப்புகளின் பட்டியல் வரும். அதில் பன் என்ற பெயர் இருந்தால் ஓடுவது பன். டெனோ என்று இருந்தால் டெனோ. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் நோடு. ஓர் 'ஸ்' செய்யும் வேலையைப் பாருங்கள்! (செருகிய வரியைப் பிறகு மறக்காமல் நீக்கிவிட்டேன். லினக்ஸில் பன், தொகுப்புகளை நகலெடுக்காமல் ஒரு பொது இருப்பிலிருந்து இணைத்து வைப்பதால், ஓரிடத்தில் செய்த திருத்தம் வேறிடத்திலும் தலைகாட்டும்.)

மறு அளவீடு

மறுநாள் அந்த முதலாம் ஆண்டு மாணவியை நூலகத்தின் முன் பார்த்துச் செய்தியைச் சொன்னேன். பட்டர் பிஸ்கட்டுக்காக மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அப்போ நீங்க எதை அளந்தீங்க அண்ணா?" என்றுதான் கேட்டார். சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "ஒண்ணுமே செய்யாத கோப்பை ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றார். அதுவும் பார்க்கவில்லை. சாக்கை மட்டும் தனியே நிறுத்துப் பார்ப்பது என்பது இதுதான். நெல் மண்டியில் வளர்ந்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

இருவரும் சேர்ந்து துறைக் கணினி ஒன்றில் மறுபடி அளந்தோம். வெற்றுக் கோப்பை நோடிலும் பன்னிலும் ஓட்டினோம். பிரிட்டியரை அழைப்போர் யாருமின்றி நேரே நோடில் ஓட்டினோம். என்பிஎக்ஸ் வழியாக, பன்எக்ஸ் வழியாக, கடைசியாகப் பன்னைக் கட்டாயப்படுத்தும் சொல்லோடு பன்எக்ஸ் வழியாக. ஒவ்வொரு வகையிலும் நேரத்தை எழுதும் முன், எதில் ஓடியது என்பதைப் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

நேரே நோடில் ஓட்டியதற்கும் பன்எக்ஸ் வழியாக நோடில் ஓட்டியதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. என்பிஎக்ஸ் வழியாக ஓட்டியதுதான் தனித்து நின்றது. முன்பு நான் காட்டிய இடைவெளியின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. வெற்றுக் கோப்பில் பன் தெளிவாகவே முந்தியது. ஆவணம் சொல்வது வெறும் பெருமையன்று. ஆனால் பிரிட்டியரை உண்மையாகவே பன்னில் ஓட்டியபோது, இயந்திர மாற்றத்தால் கிடைத்த ஆதாயம் சிறியதாகவே இருந்தது. சில சுற்றுகளில் அளவீட்டுச் சிதறலுக்குள்ளேயே மறைந்துபோயிற்று. எண்களை இங்கே வேண்டுமென்றே தரவில்லை. ஒரு கணினியில் ஒரு கருவியை வைத்து அளந்தவை அவை. வேண்டுவோர் துறையில் வந்து பதிவேட்டைப் பார்க்கலாம். தம் கணினியில் தாமே அளந்து பார்த்தால் இன்னும் நல்லது.

வேகம் மட்டும் அன்று

சில நூறு மில்லி நொடிகளுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டெனோவில் அதே கருவியை ஓட்டிப் பார்த்த பிறகே அதற்கு என்னால் விடை சொல்ல முடிந்தது.

டெனோவில் பிரிட்டியரை ஓட்டச் சொன்னால் அது உடனே ஓடுவதில்லை, நின்று கேட்கிறது. 'சூழல் மாறியைப் படிக்க அனுமதி கேட்கிறது, தரலாமா? இந்தக் கோப்பைப் படிக்கலாமா? எழுதலாமா?' ஒவ்வொன்றாக. என் கோப்புறையை மட்டும் படிக்க அனுமதி கொடுத்தேன். கருவி அதற்கு மேலுள்ள கோப்புறைகளையும் எட்டிப் பார்க்க விரும்பியது. தன் அமைப்புக் கோப்பைத் தேடி மேல்நோக்கிப் போவது பிரிட்டியரின் இயல்பு, குற்றமில்லை. ஆனால் நோடில் அத்தனை முறை ஓட்டியபோதும் அது எனக்குத் தெரியாது. பெர்லினில் ரையன் டால் பட்டியலிட்ட வருத்தங்களுள் ஒன்று இது: வி8 இயந்திரம் தன்னளவில் நல்ல வேலி, அந்த வேலியை நோடு காக்காமல் விட்டுவிட்டது.

வேலி இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு, அவர் பேசிய அடுத்த மாதமே ஓர் எடுத்துக்காட்டு நிகழ்ந்தது. 2018 ஜூலையில், பலரும் பயன்படுத்திய 'இஎஸ்லின்ட்-ஸ்கோப்' என்னும் தொகுப்பின் பதிப்பு ஒன்றில் யாரோ தீய நிரலைக் கலந்து வெளியிட்டுவிட்டார்கள். அதை நிறுவியவர்களின் கணினியில் இருந்த என்பிஎம் அடையாளச் சாவிகளை அது திருடி அனுப்பியது. நிரலைச் சரிபார்க்கும் கருவி ஒன்றுக்குத் துணையான தொகுப்பு அது. சாவிக் கோப்பில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அதைத் தடுத்து, 'இதை ஏன் படிக்கிறாய்?' என்று கேட்பார் யாரும் இல்லை. நோடிலும் அனுமதி முறை சோதனை வடிவில் 2023இல் 20ஆம் பதிப்போடு வந்தது. ஆனால் நாமாகக் கேட்டாலொழிய அது காவலுக்கு நிற்பதில்லை.

டெனோவின் வேலியிலும் ஒரு வாசல் உண்டு. பிற நிரல்களை எழுப்ப ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்துவிட்டால், அப்படி எழுப்பப்பட்ட நிரல் வேலிக்கு வெளியே நிற்கிறது. டெனோவில் ஓட்டுகிறோம் என்று நாம் நிம்மதியாக இருக்க, உள்ளே கருவி நோடை எழுப்பி, உண்மையான வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம். அப்போது அந்தக் காவல் எல்லாம் வாசலோடு நின்றுவிடும். பன்எக்ஸில் எனக்கு நேர்ந்ததும் இதே வகைதான். எனக்குப் போனது ஓர் அட்டவணை. வேறொருவருக்கு அது சாவிக் கோப்பாக இருக்கக்கூடும்.

இயற்பியல் துறை அறிவிப்புப் பலகையில் என் பழைய அட்டவணை இந்த மாதம்வரை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துவிடலாம் என்றேன். துறைப் பேராசிரியர் வேண்டாம் என்றார். ஆகவே இரண்டாம் பத்தியின் தலைப்பில் 'பன்' என்றிருந்ததைச் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து அடித்து, அதன்மேல் 'நோடு (பன்எக்ஸ் வழியாக)' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் புதிய அட்டவணையை ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே இரண்டு பெயர்கள் உள்ளன. முதலில் இருப்பது அந்த முதலாம் ஆண்டு மாணவியின் பெயர்.